ஐம்பது வயதைத் தாண்டிய எழுத்தர்களும் அவர்கள் நாற்காலியும்



மிஷன் மருத்துவமனை என்றதும் நம் மனக்கண்ணில் வருகிறவர்கள் டாக்டர்களும் நர்ஸ்மார்களும்தான். ஆனால் நோயாளி முதலில் பார்க்கிற முகம் ஓ.பி. சீட்டு எழுதிக் கொடுக்கும் எழுத்தருடையது. வீட்டுக்குப் புறப்படுமுன் கடைசியாகப் பார்க்கிற முகம் கேஷ் கவுண்டரில் இருப்பவருடையது. இவ்விருவருக்கும் நடுவே நோயாளிகளின் கோப்புகளைக் காக்கும் ரெக்கார்டு அறை, கணக்குப் பிரிவு, மருந்துப் பண்டகசாலை, தட்டச்சுப் பிரிவு என்று எத்தனையோ மேஜைகள் இருக்கின்றன. உங்கள் காணிக்கைக்கு ரசீது எழுதி, முகவரி சரிபார்த்து, தபாலில் சேர்க்கிறவரும் அப்படிப்பட்ட ஒரு மேஜையில்தான் இருக்கிறார்.

இந்த மேஜைகளில் இருப்பவர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள். பேரேட்டில் கையால் எழுதத் தொடங்கி, தட்டச்சு இயந்திரத்தைக் கடந்து, இன்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் அதிகமில்லை என்று தெரிந்தும் ஊழியம் என்று எண்ணித் தங்கிவிட்டவர்கள். இப்போது ஐம்பதையும் ஐம்பத்தைந்தையும் தாண்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. மிஷன் நிறுவனங்களிலோ ஓய்வு பெற்ற பிறகும் தொகுப்பூதியத்தில் தொடர்கிறவர்கள் உண்டு. மகளின் திருமணம், மகனின் படிப்பு, வீட்டுக் கடன் என்று காரணங்கள் பல. ஆகவே அறுபது வயதிலும் ஒருவர் நாள் முழுவதும் அலுவலக நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது என்பது நாம் ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மை.

எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தில் லேவியருக்கு ஓர் ஒழுங்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. ஐம்பது வயதானவர்கள் பணிவிடையின் பளுவிலிருந்து விலக வேண்டும். என்றாலும் ஆசரிப்புக் கூடாரத்தில் தங்கள் சகோதரரோடு நின்று காவல் காக்கும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. வயதானவரை வெளியே அனுப்பிவிடவும் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரன் சுமந்ததையே நீயும் சும என்று சொல்லவும் இல்லை. வேலையை ஆளுக்கேற்றபடி திருத்துவது என்பதுதான் அதிலுள்ள யோசனை. இன்று தொழில்சார் மருத்துவம் சொல்வதும் ஏறக்குறைய அதுவே.

எழுத்தர்களின் நோய்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இத்தாலியரான பெர்னார்டினோ ரமாட்சினி என்ற மருத்துவர், தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, தவறு வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகச் சொன்னார். இறகுப் பேனா போய் மவுஸ் வந்துவிட்டது. மூன்று காரணங்களும் அப்படியே இருக்கின்றன.

கண்ணும் வெளிச்சமும்

முதலில் கண்ணைப் பார்ப்போம், ஏனெனில் அலுவலகத்தில் நடக்கும் தவறுகளில் பல கண்ணிலிருந்தே தொடங்குகின்றன. நாற்பது வயதுக்குமேல் கண்ணின் லென்ஸ் இறுகுகிறது. கிட்டத்திலுள்ள எழுத்து மங்குகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். அதோடு லென்ஸ் மஞ்சள் நிறம் அடைகிறது, கண்ணின் பாவையும் சுருங்குகிறது. 20 வயதில் விழித்திரைக்குச் சென்ற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் செல்கிறது. ஒரே டியூப் லைட்டின் கீழ் உட்கார்ந்திருக்கும் தந்தையும் மகனும் ஒரே வெளிச்சத்தில் இல்லை என்று இதற்கு அர்த்தம்.

மங்கிய வெளிச்சத்தில் 3 என்பது 8 ஆகத் தெரியும். 6 என்பது 0 ஆகத் தெரியும். கடையில் இப்படி நேர்ந்தால் சில ரூபாய் நஷ்டம். மருத்துவமனைப் பதிவு எண்ணில் நேர்ந்தால் வேறொருவருடைய கோப்பு டாக்டரின் மேஜைக்குப் போகிறது. ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்று சிவப்பு மையில் எழுதிய தாள் இன்னொருவருடைய கோப்பில் உறங்கிக்கொண்டிருக்கும். எழுத்தரின் மேஜை விளக்கும் நோயாளியின் பாதுகாப்பைச் சேர்ந்தது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

பொது அலுவலகங்களுக்கு 300 முதல் 750 லக்ஸ் வரை வெளிச்சம் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி (ஐ.எஸ். 3646, 1992) கூறுகிறது. வயதானவர்கள் இருக்கும் மேஜைக்கு அந்த மேல் எல்லையைக் கணக்கில் வைப்பதே நல்லது. பழைய மருத்துவமனைக் கட்டடங்களில் கூரை உயரம். விளக்கோ அந்தக் கூரையில் தொங்கும். மேஜைமேல் வந்து விழும்போது வெளிச்சம் தேய்ந்துவிடுகிறது. கூரையில் இன்னும் இரண்டு விளக்கு மாட்டுவதைவிட, மேஜையில் திருப்பி வைக்கக்கூடிய ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு அதிகப் பயன் தரும். ஆனால் வெளிச்சம் கூடினால் மட்டும் போதாது. முதிர்ந்த லென்ஸ் ஒளியைச் சிதறடிப்பதால் கண்கூச்சமும் கூடுகிறது. ஜன்னலைப் பார்த்தபடி திரையை வைத்தால் கண் ஜன்னல் வெளிச்சத்தோடு போராடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் திரையில் ஜன்னல் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேஜையைத் திருப்பிப் போடுவதற்குச் செலவே இல்லை, இரண்டு பேர் வந்து தூக்கினால் போதும்.

கழுத்து வலி என்று எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் நடுத்தர வயது அலுவலகப் பணியாளர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்பது. பைஃபோகல் கண்ணாடியில் கிட்டப் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது. மடியில் வைத்து வேதாகமம் வாசிக்க அது மிகவும் வசதி. கம்ப்யூட்டர் திரையோ கண்ணுக்கு நேராக, கை நீட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை அந்தக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் மோவாயைத் தூக்க வேண்டும். எட்டு மணி நேரம் மோவாயைத் தூக்கி வைத்திருப்பவருக்குக் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்க்கிறார்கள், கழுத்துப் பட்டை மாட்டுகிறார்கள், எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் என்று வருகிறது. அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் ஓரளவு தேய்மானம் வரும். இவர்களில் பலருக்குத் தேவையானது திரையின் தூரத்துக்கென்று, ஒரே பவர் உள்ள தனிக் கண்ணாடி. கண் பரிசோதனைக்குப் போகும்போது, தம் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை ஒரு நூலால் அளந்து கொண்டுபோனால் போதும், கண் மருத்துவர் அதற்கேற்ப எழுதிக் கொடுப்பார். அது வரும்வரை திரையைக் கீழே இறக்கி வையுங்கள். திரைக்கடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி உயர்த்துவது இளைஞர்களுக்குச் சரி, பைஃபோகல் போட்டவருக்கு அது தண்டனை.

திரையிலுள்ள எழுத்து சிறியதாக இருந்தால், பல நிரல்களில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பெரிதாகும். இதை யாரும் சொல்லிக் கொடுக்காததால் ஆண்டுக்கணக்கில் மூக்கைத் திரையில் உரசிக்கொண்டு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

உட்காருதலும் எழும்புதலும்

1953-ல் இங்கிலாந்தில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். மாடிப் பேருந்தில் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. தபால்காரர்களையும் தபால் அலுவலக எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான். 2012-ல் ஆஸ்திரேலியாவில் 45 முதல் 65 வயதுக்குட்பட்ட, உடல் பருமனுள்ளவர்களை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. தொடர்ந்து உட்கார்ந்திருந்த நாளைவிட, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மட்டும் நடந்த நாளில் அவர்களுக்கு உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை குறைவாக இருந்தது.

நம் நாட்டில் இதற்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளிவந்த ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயது எழுத்தர் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து சோறு சாப்பிட்டுவிட்டு, உடனே கவுண்டரில் உட்கார்ந்து மாலைவரை எழாமல் இருப்பது அவர் உடம்புக்குச் செய்யும் கெடுதல். ஆகையால் வேலையிலேயே எழுவதற்கு ஒரு காரணம் வைக்க வேண்டும். பிரிண்டரை அறையின் மறுகோடியில் வைப்பது ஒரு வழி. அடுத்த மேஜைக்குப் போன் செய்யாமல் நேரில் போய்க் கேட்பது இன்னொன்று. ஆனால் முழங்கால் மூட்டு தேய்ந்தவரை மாடிப்படி ஏற வைத்து உடற்பயிற்சி என்று சொல்லக் கூடாது. அவருக்குச் சமதரையில் நடைதான் நல்லது.

நாற்காலியைப் பற்றிப் பேசும்போது ஆசாரியனாகிய ஏலி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. வயது முதிர்ந்தவர், கனத்த சரீரம், பார்வை மங்கியவர். ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து மரித்தார் என்று 1 சாமுவேல் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவருக்கு நேர்ந்ததன் காரணம் வேறு என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் முதிர்ந்தவர்களை முதுகுச் சாய்வில்லாத முக்காலியில் உட்கார வைக்கும் கவுண்டர்களைப் பார்க்கும்போது அந்த அதிகாரம் மனதில் வந்து போகிறது.

விலையுயர்ந்த நாற்காலி தேவையில்லை. பாதம் தரையில் முழுவதும் பதிய வேண்டும்; பதியாத குள்ளமான பெண்களுக்குக் காலடியில் ஒரு மரப்பலகை வைக்கலாம். இடுப்புக்குமேல் உள்ள வளைவுக்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் சுருட்டிய துண்டும் உதவும். கைப்பிடி அவசியம் வேண்டும். மூட்டு வலியுள்ளவர் கையை ஊன்றித்தான் எழுவார். சக்கரம் வைத்த நாற்காலி அழகாக இருக்கிறது. ஆனால் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் முதியவர் உட்காரப் போகும்போது அது பின்னால் நகர்ந்துவிடும். இடுப்பெலும்பு முறிவுக்கு அது போதும். சக்கரத்தை எடுத்துவிட்டு நிலையான கால்களை மாட்டுவதே எங்கள் ஆலோசனை.

மருந்துக் கவுண்டரில் இருப்பவர்களின் கஷ்டம் வேறு. அவர்கள் நின்றே வேலை செய்கிறார்கள். நரம்பு சுருண்டு, மாலையில் பாதம் வீங்கிவிடுகிறது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் வந்தும் சில இடங்களில் ஸ்டூல் சுவர் ஓரமாகவே கிடக்கிறது. உட்கார்ந்தால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம். மேற்பார்வையாளர் ஒருநாள் தாமே அதில் உட்கார்ந்து மருந்து எடுத்துக் கொடுத்தால் அந்தக் கூச்சம் போய்விடும்.

யாரும் பேச விரும்பாத காரியம்

இனிச் சொல்லப் போவது கழிப்பறையைப் பற்றி. காணிக்கைக் கடிதத்தில் இதை எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் அனுபவத்தில், வயதான அலுவலக ஊழியரின் ஆரோக்கியத்தை இதைப்போல் கெடுக்கும் காரியம் வேறு அதிகமில்லை.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருக்கும். அதைக் காலையில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் அடுத்த சில மணி நேரத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். அந்தச் சில மணி நேரம்தான் கவுண்டரில் நோயாளிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம். கேஷ் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு எழ முடியாது, மாற்றி உட்கார ஆளும் இல்லை. என்ன செய்கிறார்கள்? மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொல்வதில்லை. டாக்டரோ அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டி எழுதுகிறார். ஒருநாள் பக்கவாதத்தோடு அதே மருத்துவமனையின் வார்டுக்கு வருகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரை அடக்குவது கடினம். ஆகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். வயதாக ஆகத் தாகமும் சரியாக எடுக்காது. நம் ஊர் மே மாத வெயிலில் இதன் விளைவு நீர்க்கடுப்பு, தலைசுற்றல், சில சமயம் சிறுநீரகக் கல்.

இதற்கு மருந்து ஒரு மாற்று ஆள். காலை பத்தரை மணிக்குப் பத்து நிமிடம், மதியம் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் கவுண்டரை ஏற்றுக்கொள்ள ஒருவர் என்று பணிப்பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும். கேட்டால் அனுப்புகிறோம் என்று சொல்வது பலிக்காது. ஐம்பத்தேழு வயது அக்கா தன்னைவிட முப்பது வயது இளைய மேற்பார்வையாளரிடம் போய் இதைக் கேட்க மாட்டார். கழிப்பறையும் அதே தளத்தில் இருக்க வேண்டும். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்காக வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றும், சுவரில் பிடிமானக் கம்பியும் வேண்டும்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரை, ஓரம் சுருண்ட மிதியடி, மேஜைக்கடியில் சுருண்டு கிடக்கும் மின்கம்பி, ஒரே நிறத்தில் இருப்பதால் எங்கே முடிகிறது என்று தெரியாத படிக்கட்டு ஆகியவையே விழவைப்பவை. படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் பட்டை ஒன்று தீட்டினால் மங்கிய கண்ணுக்கும் தெரியும். ரெக்கார்டு அறையில் அடிக்கடி தேடும் கோப்புகளை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தட்டுகளில் வைத்து, பழையவற்றை மேலே அனுப்பிவிட வேண்டும். ஸ்டூல்மேல் ஏறுவது இளையவர்களின் வேலை.

கேட்டுப் பார்த்தல்

ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் 2007-ல் ஒரு சோதனை நடந்தது. அங்குள்ள தொழிலாளரின் சராசரி வயது பத்தாண்டில் 47 ஆகும் என்று கணக்கிட்டு, அந்தச் சராசரி வயது வரும்படி 42 பேரை ஒரு பிரிவில் சேர்த்தார்கள். என்ன மாற்ற வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். மரத்தரை, உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து என்று சுமார் 70 சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. ஓராண்டில் அந்தப் பிரிவின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. அது தொழிற்சாலை, நமது அலுவலகம் வேறு என்பது உண்மை. ஆனால் உட்கார்ந்திருப்பவரையே கேட்டது எங்கும் பொருந்தும்.

பின்லாந்தில் நகராட்சி ஊழியர்களை 1981 முதல் 1992 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வயதான ஊழியரின் வேலைத்திறன் தேறியதற்கு உடற்பயிற்சியோடு, மேலதிகாரி அவரை நடத்தும் விதமும் முக்கியக் காரணமாக இருந்தது. புதிய பில்லிங் நிரல் வந்த வாரத்தில் இதை நன்றாகக் காணலாம். இளையவர் இரண்டு நாளில் பிடித்துக்கொள்கிறார். மூத்தவருக்கு இரண்டு வாரம் ஆகிறது. எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஆங்கிலத்தில், வேகமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெரியவருக்கு வரவில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். பெரிய எழுத்தில் தமிழ்க் குறிப்பு ஒன்றும், நிஜ நோயாளிகள் இல்லாத நேரத்தில் பழகிப் பார்க்கப் பத்து மாதிரிப் பில்லும் கொடுங்கள். பழகிய பிறகு அவர்தான் தவறைக் கண்டுபிடிக்கிறவர். எந்தக் கிராமத்தில் ஒரே பெயரில் நான்கு அந்தோணியம்மாள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது.

ஆதரவாளர்கள் ஸ்கேன் இயந்திரத்துக்கும் ஆம்புலன்சுக்கும் மனமுவந்து கொடுக்கிறீர்கள். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். மேஜை விளக்கின்மேலும் கண்ணாடியின்மேலும் யாருடைய பெயரையும் பொறிக்க முடியாது, ஆகையால் அவற்றுக்குக் காணிக்கை வருவது அரிது. இவற்றுக்காகக் கொடுக்க ஏவப்படுகிறவர்கள் காணிக்கையோடு வரும் கடிதத்தில் “அலுவலக ஊழியர் நலன்” என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கணக்கிலேயே வரவு வைத்து, ரசீதிலும் அப்படியே குறிப்பிடுவோம். முதலில் ஐம்பது வயதைத் தாண்டிய அலுவலக ஊழியர்களின் கண் பரிசோதனைக்கும், திரைக்கேற்ற கண்ணாடிக்கும் அது செல்லும்.

வீட்டில் உபயோகமில்லாமல் இருக்கும் நல்ல மர நாற்காலிகளைத் தர விரும்புகிறவர்கள் வண்டி பிடிக்குமுன் இரண்டு காரியங்களைப் பார்த்து எழுதுங்கள். கைப்பிடி ஆடாமல் இருக்கிறதா? உட்காரும் பலகை தரையிலிருந்து 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்கிறதா? அதற்குமேல் உயரமாக இருந்தால், கால்களை அறுத்துச் சரிசெய்ய எங்கள் தச்சரிடம் சொல்லி வைப்போம்.